மழை திரும்பி வந்தால் விதை எங்கே இருக்கும்? சஹேல் கம்புக்கு நான்கு வழிகள்

செனகல் நாட்டின் சின் பகுதியில் கம்பு இரண்டு வகை. சூனா மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். சானியோவுக்கு நான்கு மாதம் வரை வேண்டும். கதிரில் நீளமான முள்மயிர் இருப்பதால் பறவைகள் அதை எளிதில் கொத்துவதில்லை. உயர்ந்து வளரும் தட்டை வேலி கட்டவும் கூரை வேயவும் உதவும். 1970களில் சஹாராவின் தெற்கு விளிம்பான சஹேல் வறண்டபோது மழைக்காலம் சுருங்கியது. நான்கு மாதப் பயிருக்கு அங்கே இடமில்லாமல் போனது. சின் உழவர்கள் சானியோவைக் கைவிட்டு சூனாவோடு நின்றார்கள். அன்றைக்கு அது சரியான முடிவு.

அப்புறம் மழை ஓரளவு மீண்டது. 2000களில் அதே ஊர்களில் சானியோ மறுபடி வயலுக்கு வந்தது. இதுவும் சரியான முடிவுதான். ஆனால் சானியோ அந்த இடைவெளியில் எங்கேயாவது உயிரோடு இருந்திருக்க வேண்டும் அல்லவா? தெற்கே, காசமான்ஸ் போன்ற மழை கூடிய பகுதிகளில் அதை விடாமல் விதைத்து வந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே புத்திசாலித்தனமான முடிவை எடுத்திருந்தால், திரும்பி வர எதுவும் மிஞ்சியிருக்காது.

நாட்டு விதையா, வீரிய ஒட்டா என்ற விவாதம் நமக்குப் புதிதல்ல. நாம் விதைக்கும் கம்பும் சோளமும் கேழ்வரகும் ஆப்பிரிக்காவில் பிறந்தவை என்பதால் அங்கே நடக்கும் விவாதமும் நம்முடையதுதான். கம்பைப் பயிராக்கியது இன்றைய வடக்கு மாலி, மொரிட்டானியா பக்கம், கிட்டத்தட்ட 5,000 ஆண்டுகளுக்கு முன் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. சோளம் கிழக்கு சூடானில் பிறந்தது. இவற்றின் மரபு வளம் பெரும்பகுதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அந்த ஊர்களில் ஓர் உழவர் சங்கம் எடுக்கும் விதை முடிவு, அவர்கள் சோற்றுக்கு எவ்வளவு முக்கியமோ அந்த அளவுக்குப் பிற்காலத்தில் நமக்கும் முக்கியம்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். நைஜரில் ஆண்டுக்கு 300 முதல் 600 மில்லிமீட்டர் மழை பெறும் மணற்பாங்கான நிலம். ஹெக்டேருக்கு அரை டன் கம்பு கிடைப்பதே வழக்கம். உரம் வாங்கப் பணமில்லை. சங்கத்திடம் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது? சொந்த விதையை மேம்படுத்துவதா, நாட்டு விதையிலிருந்து ஆராய்ச்சி நிலையம் பொறுக்கியெடுத்த குறுகிய கால ரகத்தை வாங்குவதா, வீரிய ஒட்டுக்குப் போவதா, அல்லது இன்னும் வெப்பமான வேறொரு ஊரின் நாட்டு விதையைக் கொண்டுவருவதா?

முதலில் கம்பு எப்படிப் பூக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பேசினால் எல்லாமே தப்பாகிவிடும். கம்புக் கதிரில் முதலில் சூலகமுடிகள்தான் வெளியே நீட்டும். அந்தக் கதிரின் மகரந்தம் சில நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் பக்கத்துச் செடியின் மகரந்தமோ பக்கத்து வயலின் மகரந்தமோ காற்றில் வந்து சேர்ந்துவிடும். எனவே கம்பில் நெல் மாதிரி ஒரே அச்சில் வார்த்த ரகம் கிடையாது. ஒரு வயல் கம்பு என்பது ஒரு ஊர் ஜனம் மாதிரி. உயரம், நிறம், பூக்கும் நாள் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் பார்த்தவுடன் இன்ன ஊர்க்காரர்கள் என்று தெரிந்துவிடும்.

அந்த ஜனத்தின் மேல் ஒரு வறட்சி வந்தால் என்ன நடக்கும்? சீக்கிரம் பூத்த செடிகளுக்கு மணி பிடிக்கும். தாமதமாகப் பூத்தவை பதராகிவிடும். அடுத்த ஆண்டு விதையில் சீக்கிரம் பூப்பவற்றின் பங்கு கொஞ்சம் கூடும். இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1976இல் நைஜரின் ஊர்களில் கம்பும் சோளமும் சேகரித்து வைத்திருந்தார்கள். 2003இல் 79 ஊர்களுக்குத் திரும்பப் போய் மறுபடி சேகரித்தார்கள். இரண்டு காலத்துக் கம்பையும் ஒன்றாக விதைத்து ஒப்பிட்டபோது, 2003இன் விதை சற்று முன்னதாகப் பூத்தது. ஒளியை உணரும் ஒரு மரபணுவில் சீக்கிரம் பூக்க வைக்கும் வடிவம், இயல்பாக ஏற்படக்கூடிய மாற்றத்தை விட அதிகமாகப் பரவியிருந்தது. இடையில் 1980களின் கொடும் வறட்சி கடந்து போயிருந்தது. அப்படியிருந்தும் ஒட்டுமொத்த மரபு வேறுபாடு குறையவில்லை. யாரும் திட்டம் போடாமல், உழவர்கள் விதைத்து, அறுத்து, கதிர் பொறுக்கி வைத்ததிலேயே பயிர் வானிலையைப் பின்தொடர்ந்து நகர்ந்திருக்கிறது. முதல் வழியின் பலம் இதுதான். என்னை அந்தப் பக்கம் சாய வைத்ததும் இதுதான்.

சொந்த விதைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சோளத்தில் ஒரு சான்று உண்டு. 1973இல் உலகச் சோளத் தொகுப்பிலிருந்து ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தார்கள். புரதத்தின் முக்கியக் கூறான லைசின் மிகுந்த இரண்டு வகைகள் அகப்பட்டன. இரண்டும் எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியைச் சேர்ந்தவை. அங்குள்ள உழவர்கள் ஒன்றை ‘வாயில் பால்’ என்று பொருள்படும் பெயரிலும் மற்றதைத் ‘தேன் பீறிடும்’ என்ற பொருளிலும் அழைத்து வந்தார்கள். இளங்கதிரை வறுத்துத் தின்னும் ருசிக்காக வைத்திருந்தவை அவை. எடை போட்டு மட்டுமே ரகம் தேர்ந்தெடுத்திருந்தால், சுருங்கிய மணியுடைய அந்த இரண்டும் முதல் ஆண்டே கழிந்திருக்கும்.

சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களைக்கும் இதே கதை. சோளத்தின் வேரில் கசியும் ஒரு வேதிப்பொருளை முகர்ந்துதான் அந்த ஒட்டுண்ணியின் விதை முளைக்கிறது. அது மண்டிக் கிடக்கும் பகுதிகளில் வாழ்ந்த சில நாட்டுச் சோளங்கள், அந்த வேதிப்பொருளின் வேறொரு வடிவத்தை வெளியிட்டு சுடுமல்லியை ஏமாற்றப் பழகிவிட்டன. எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டா இந்த எதிர்ப்புத் தன்மையைப் புதிய ரகங்களுக்குள் கொண்டுவந்தார். 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அவர் எடுத்து வேலை செய்த சரக்கு உழவர் வயலில் விளைந்தது.

சரி, அப்படியானால் சொந்த விதையோடு நின்றுவிடலாமா? முடியாது. அதற்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. ஒன்று, அது மெதுவாக நகரும். 27 ஆண்டில் சற்றுத்தான் முன்னதாகப் பூத்தது. வெப்பம் அதைவிட வேகமாக ஏறினால் பயிர் பின்தங்கிவிடும். இன்னொன்று, சொந்த விதை எப்போதும் சொந்த விதையாக இருப்பதில்லை. மோசமான ஆண்டில் விதைக்கு வைத்ததும் அடுப்புக்குப் போய்விடும். அடுத்த மழைக்கு உழவர் சந்தையில்தான் விதை வாங்குவார். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளையும் ஹைட்டியையும் சேர்த்து எடுத்த ஒரு பெரிய கணக்கில், சிறு உழவர்கள் பெறும் விதையில் ஏறத்தாழ பாதி உள்ளூர்ச் சந்தையிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. சந்தை விதை பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வருவதால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வயலில் விளைந்தது, எப்போது பூத்தது என்று சொல்ல ஆளில்லாத விதையை நம்பி ஒரு பருவத்தையே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய காலப் பொறுக்கு ரகம். நைஜரில் எச்.கே.பி. என்று ஒன்று உண்டு. அது அந்நாட்டின் மேற்குப் பகுதியில் விளையும் ஹைனி-கிரே என்ற நாட்டுக் கம்பிலிருந்தே சீக்கிரம் பூப்பதைப் பொறுக்கியெடுத்தது. உள்ளூர் வேர் உள்ளது என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம். நமீபியாவில் ஒகஷானா 1 என்ற பெருமணிக் கம்பு 1990ஐ ஒட்டி வெளிவந்து, பத்தாண்டுக்குள் அந்நாட்டுக் கம்புப் பரப்பில் ஏறத்தாழ பாதியைப் பிடித்தது. மழை சீக்கிரம் நின்றுபோகும் ஊரில் பத்து நாள் முன்னதாக முற்றுவது வீட்டில் சோறு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான வித்தியாசம். உழவர்கள் அதைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

இது இந்தியாவுக்கும் வந்த வழி. டோகோவின் வடக்கே இனியாரி என்ற நாட்டுக் கம்பு உண்டு, மணி பருத்து, சீக்கிரம் முற்றும். ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அதிலிருந்து பொறுக்கியெடுத்த ரகம் 1988இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. இரும்புச்சத்து மிகுந்த தனசக்தி கம்பு பிற்பாடு அதிலிருந்துதான் வந்தது. டோகோவின் உழவர்கள் வளர்த்த கம்பு மகாராஷ்டிரத்துத் தட்டில் ரொட்டியாகிறது.

குறுகிய காலக் கம்பின் சிக்கல் பறவை. சஹேலில் குவேலியா என்ற சிறு குருவி லட்சக்கணக்கில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். ஊரில் ஒரே ஒரு வயல் மட்டும் முன்னால் முற்றினால் அத்தனையும் அங்கேதான் வரும். ஆக இந்த ரகத்தைத் தனி ஆளாக எடுக்கக் கூடாது. ஊராகச் சேர்ந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் காவலுக்கு ஆள் வேண்டும்.

‘இரண்டு மூன்று பருவத்தில் கலந்து போய்விடும், ரகத் தூய்மை நிற்காது’ என்பதும் இதன்மேல் சொல்லப்படும் குறை. கம்பு பூக்கும் விதத்தால் இது உண்மைதான். விதை விற்பவருக்கு அது நட்டம். ஊருக்கு அது நட்டமா? சீக்கிரம் பூக்கும் தன்மை மகரந்தத்தோடு பக்கத்து வயல்களுக்குப் பரவி, ஊர்க் கம்பில் சேர்ந்துவிடுகிறது. 27 ஆண்டில் மெதுவாக நடந்ததை இது வேகப்படுத்துகிறது. கலப்பதைக் குறையாக எண்ணிய காலம் எனக்கும் இருந்தது. இப்போது அதுதான் இந்த வழியின் பெரிய நன்மை என்று நினைக்கிறேன். ஒரு நிபந்தனை உண்டு: ஊர்க் கம்பு அதன் பக்கத்தில் விதைக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முழுவதையும் மாற்றிவிட்டால் கலக்க எதுவும் இருக்காது.

மூன்றாவது வழியான வீரிய ஒட்டு பற்றிப் பேசும்போது நம் நாட்டு அனுபவத்தை மறக்க முடியாது. 1965இல் எச்.பி.1 என்ற கம்பு ஒட்டு இந்தியாவில் வந்தது. விளைச்சல் எகிறியது. அதற்கும் பின்னால் வந்த அதன் தம்பிகளுக்கும் தாய் ஒன்றே, அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் உருவான, தனக்கென மகரந்தம் தராத ஆண்மலட்டு வரிசை. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது ஒரே தாயின் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. கதிர் இருக்க வேண்டிய இடத்தில் இலைக் கொத்துகள் தொங்கின. எதிர்ப்புத் தன்மையைத் தேடி மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக் கம்புகளிடம்தான் பின்னால் போக வேண்டியிருந்தது.

இதை வைத்து ஒட்டு விதை என்றாலே ஒதுக்கிவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். மாலியில் நடந்தது வேறு. அங்கே சோளத்தில் கினி என்ற இனம் உண்டு. உமி விரிந்து, மணி திரும்பி வெளியே தெரியும். மழைக்குப் பின் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் பூசணம் அதிகம் பிடிக்காது. மே மாதக் கடைசியில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும், பகல் நீளத்தைப் பார்த்து மழை ஓயும் நாளை ஒட்டியே பூக்கும். முதல் மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் இதைவிடப் பெரிய காப்பீடு இல்லை. நம் நீண்டகாலச் சம்பா நெல்லிலும் இந்தக் குணம் உண்டு. முன்பு வெளியிலிருந்து கொண்டுவந்த குட்டைச் சோளங்களில் இது இல்லை. மழை நிற்கும் முன்பே முற்றிப் பூசணம் பிடித்தன. மாவின் தரமும் பிடிக்காததால் உழவர்கள் அவற்றை வாங்கவில்லை. பிற்பாடு மாலியின் ஆராய்ச்சி நிறுவனமும் இக்ரிசாட்டும் உழவர் சங்கங்களோடு சேர்ந்து, கினிச் சோளத்தையே தாயும் தந்தையுமாக வைத்து ஒட்டுகளை உருவாக்கின. உழவர் வயல்களில் நடந்த சோதனைகளில் சிறந்த மூன்று ஒட்டுகள் உள்ளூர்ச் சோளத்தைவிட சராசரியாக 30 சதவீதம் கூடுதலாக விளைந்தன. நல்ல நிலத்தில் மட்டும் இல்லாமல் மெலிந்த நிலத்திலும் அப்படித்தான். ஒட்டு என்பதைவிட எதை ஒட்டினார்கள் என்பதுதான் பெரிது.

ஆனாலும் ஒட்டு விதையை ஆண்டுதோறும் வாங்க வேண்டும். விதைப் பெருக்கத்தை உழவர் சங்கமே செய்தால் பணம் ஊருக்குள் சுற்றும். வெளியே போனால் மழை பொய்த்த மறு ஆண்டு கையில் விதையும் இருக்காது, வாங்கக் காசும் இருக்காது. நைஜரின் வடக்கு விளிம்பில் அரை டன் விளையும் நிலத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

நான்காவது வழி புதியது. நாளைக்கு உங்கள் ஊரில் வரப்போகும் வெப்பம் இன்றைக்கே வேறொரு ஊரில் இருக்கலாம். அங்குள்ள நாட்டுக் கம்பு அந்த வெப்பத்துக்குப் பழகியிருக்கும். அதைக் கொண்டுவந்தால் என்ன? 2020இல் வெளியான ஓர் ஆய்வு மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக் கம்புகளின் மரபணுவை வானிலைக் கணிப்போடு பொருத்திப் பார்த்தது. எந்தப் பகுதியின் கம்பு பின்தங்கும், அதற்கு உதவும் கம்பு எங்கே இருக்கிறது என்று அது காட்டியது. உதவும் விதை பல நேரம் எல்லைக்கு அப்பால், பக்கத்து நாட்டில் இருந்தது.

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நடைமுறையில் இரண்டு தடை. தெற்கிலிருந்து வடக்கே கொண்டுபோகும் நீண்டகாலக் கம்பு அங்கே மழை நின்ற பிறகு பூக்கும். வடக்கிலிருந்து தெற்கே கொண்டுபோனது மழை கொட்டும்போதே முற்றிப் பூசணத்துக்கும் குருவிக்கும் போகும். கிழக்கு மேற்காக, ஒரே அட்சரேகையில் நகர்த்தினால் இந்தத் தொல்லை குறைவு. மற்றொன்று சட்டம். மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் 2008இல் விதைக்குப் பொது விதி செய்தன. ஆனால் அது பட்டியலில் பதிவான, சீரான ரகங்களை மனதில் வைத்து எழுதியது. கதிருக்குக் கதிர் மாறும் நாட்டுக் கம்பு அந்தப் பட்டியலில் ஏறுவது கடினம். விதையைக் கொடுக்கும் நாடுகளின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. எத்தியோப்பியாவின் டெஃப் தானியத்தின் மாவுக்கு ஒரு டச்சு நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அதை ஹேக் நீதிமன்றம் செல்லாது என்று சொல்ல 2018 வரை ஆனது.

விதை வங்கியை நான் தனி வழியாக வைக்கவில்லை. உறைநிலையில் இருக்கும் விதை வானிலையைப் பின்தொடராது. 1976இல் வைத்தது 1976ஆகவே இருக்கும். அதனால்தான் 2003ஐ அதனோடு ஒப்பிட முடிந்தது. பட்டஞ்செருவில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சோள மாதிரிகளும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பு மாதிரிகளும் இருக்கின்றன. ஆனால் ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்தை சூடான் காட்டியது. 2023 டிசம்பரில் போர் வாத் மதனி நகரை எட்டியபோது அங்கிருந்த தேசிய விதை வங்கி சூறையாடப்பட்டது. சோளம் பிறந்த நாட்டின் சோள விதை அது. பிரதிகள் வேறு இடத்தில் இருந்ததால் எல்லாம் அழியவில்லை. 2025 பிப்ரவரியில் சூடானின் விதைகள் மறுபடி நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நைஜரின் அந்த ஊருக்கு, நிலத்தில் பத்தில் ஏழு பங்கு ஊர்க் கம்பு. இரண்டு பங்கு எச்.கே.பி. போல உள்ளூர் வேருள்ள குறுகிய காலக் கம்பு, ஊரார் எல்லோரும் அடுத்தடுத்த வயல்களில், கலப்பதற்கு அஞ்சாமல். மீதி ஒரு பங்கு, ஈரம் தங்கும் பள்ளத்தில், இப்போது லாபமில்லாத நீண்டகாலக் கம்பு. சங்கத்திடம் பணம் மிஞ்சினால் அதே அட்சரேகையில் இருக்கும் பக்கத்து நாட்டு விதையை ஒரு சிறு பாத்தியில் போட்டுப் பார்க்கலாம். மாலியின் தெற்கில் சோளம் விதைப்பவர் கேட்டால் கினி ஒட்டு வாங்கச் சொல்வேன், கூடவே பழைய கினியையும் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஃபோனியோ என்ற மேற்கு ஆப்பிரிக்கச் சிறுதானியம் விதைப்பவருக்கு விதை மாற்ற வேண்டிய அவசரமே இல்லை. அவர்களுடைய தொல்லை மணலைவிடச் சற்றே பெரிய அந்த மணியின் உமியை நீக்குவதில்தான். செனகலின் சனூசி தியாகித்தே அதற்கு ஓர் இயந்திரம் செய்தார்.

பணத்தின் பெரும்பகுதியை நான் விதைக்குச் செலவிட மாட்டேன், விதை வைக்கும் குதிருக்குச் செலவிடுவேன். அறுவடைக்கு முன் வயலின் நடுவிலிருந்து நூறு கதிருக்குக் குறையாமல் பொறுக்க வேண்டும். கம்பு மணி சிறியது, பத்துக் கதிரே ஒரு வயலுக்குப் போதும் போலத் தோன்றும். ஆனால் பத்துக் கதிரில் ஒரு ஊர் ஜனம் அடங்காது. அவற்றை நன்றாகக் காய வைத்து, உணவுத் தானியத்தோடு சேர்க்காமல், இரண்டு பருவத்துக்குப் போதுமான அளவு தனியே வைக்க வேண்டும். ஒரு மழை பொய்த்து அந்த ஆண்டு விதை வீணானாலும், குதிரில் இன்னொரு பருவத்துக்கு இருக்கும்.